பெரிய வீட்டுக்கு ஆள் வந்தால் வண்டியை எங்கே விடுவது?

நெற்குப்பை, சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஊர் ஊராகப் பயணம் செய்து எழுதிய சோமலெ பிறந்த ஊர். செட்டிநாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பெரிய வீடுகள் உண்டு, அவற்றில் பலவற்றின் கதவில் பூட்டும் உண்டு. இந்த வீடுகளை விடுதியாக்கலாம், விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாம், அருங்காட்சியகம் வைக்கலாம் என்று செட்டிநாட்டில் யாராவது பேச்செடுத்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: “அதெல்லாம் சரி, வர்ற வண்டியை எங்கே நிறுத்துவான்?”

நியாயமான கேள்விதான். “வீட்டுக்காரர் தன் இடத்துக்குள்ளேயே பார்க்கிங் விடட்டும்” என்று அதற்குச் சட்டென்று வரும் பதிலில்தான் கோளாறு. அந்தப் பதிலின்படி நடந்தால் எந்த வீட்டைக் காப்பாற்றக் கிளம்பினோமோ அந்த வீட்டிலேயே பாதி போய்விடும். எப்படி என்று பார்க்குமுன் வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி வரை பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. 1930-களின் விலைவீழ்ச்சியில் அவர்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன, பணம் வரவில்லை. 1942-ல் ஜப்பானியர் படை பர்மாவுக்குள் நுழைந்தது. பிறகு அங்கே நிலச் சட்டங்களும் 1960-களின் தேசியமயமும் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டன. வருமானம் போனபின் பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீடு அப்படியே நின்றது.

ஆனாலும் ‘காலி வீடு’ என்று இவற்றைச் சொல்லிவிட முடியாது. வீட்டின் உரிமை புள்ளிக்குப் புள்ளி பிரிந்து கிடக்கிறது. திருமணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறை. முற்றமும் பட்டாலை என்ற கூடமும் பொது. மூன்று தலைமுறை கடந்தால் ஒரே வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் எல்லோரும் வந்து சேர்வார்கள். ஆண்டில் பத்து நாள் வீடு நிரம்பி வழியும், மீதி நாளெல்லாம் காவல்காரர் மட்டும். நாட்டரசன்கோட்டையில் தைப் பொங்கலுக்குப் பிறகு வரும் செவ்வாய்ப் பொங்கலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கெங்கோ இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் அன்று ஒரே இடத்தில் பானை வைக்கின்றன. மறுநாள் போய்ப் பார்த்தால் ஊர் பழையபடி கிடக்கும்.

வண்டிப் பிரச்சினையின் முழு உருவமும் இதில் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் வண்டி நிறுத்த இடம் ஆண்டு முழுவதும் போதாமல் இல்லை. முகூர்த்த நாளிலும் திருவிழா நாளிலும் மட்டும்தான் போதவில்லை. அந்தச் சில நாளுக்காக ஒவ்வொரு வீடும் ஆண்டு முழுவதும் ஒரு மைதானத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு.

இப்போது வீட்டின் அமைப்பைப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். அதைத் தாண்டினால் வளவு, பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் பின்வாசல். அந்தப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற மனை இது. பக்கவாட்டில் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் தோட்டம் விட்டுக் கட்டிய பங்களா மாதிரி இதில் ‘மிச்ச இடம்’ என்று எதுவும் கிடையாது. இருக்கிற திறந்த வெளியெல்லாம் உள்ளே முற்றமாக இருக்கிறது.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். திரும்பவும் வெளியேறவும் வழி விட்டால் காருக்கு ஏறக்குறைய 25 சதுர மீட்டர் ஆகிவிடும். இருபது காருக்கு 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேல். இதை ஒரு பெரிய வீட்டுக்குள் எங்கே தேடுவது? முகப்பில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பார்க்க வருகிறவன் பார்ப்பதே அதைத்தானே. பலியாவது பின்கட்டுகள்தான். ஆட்டுக்கல்லும் அம்மியும் கிடக்கும் அடுப்படி, வற்றலும் வடகமும் காய்ந்த மூன்றாம் கட்டு முற்றம், பெண்கள் பகலெல்லாம் புழங்கிய தாழ்வாரம். அங்கே ஆத்தங்குடிக் கல் இராது, பெல்ஜியம் கண்ணாடி இராது, ஆகையால் ‘சாதாரணக் கட்டடம்’ என்று எழுதி இடித்துவிடலாம். இடித்த மரத்துக்கும் கல்தூணுக்கும் விலை தயாராக இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவு, நிலை, தூண், உருளி, ஜாடி என்று தனித்தனியாக விற்பனைக்கு இருப்பவற்றில் பலவும் இப்படிப் பிரிந்த வீடுகளிலிருந்து வந்தவைதான்.

சட்டம் இதில் எங்கே வருகிறது? வீடு வீடாகவே இருக்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. விடுதி, மண்டபம், கடை என்று பயன்பாட்டை மாற்றி அனுமதிக்குப் போகும்போது, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 குறுக்கே வரும். கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் வைத்து இத்தனை காருக்கு, இத்தனை இருசக்கர வண்டிக்கு இடம் காட்டு என்பது அந்த விதிகளில் ஒரு பகுதி. புதிதாகக் காலி மனையில் கட்டுகிறவருக்கு அது சரியான விதி. மாட்டுவண்டி காலத்தில் கட்டிய வீட்டுக்கு அதையே நீட்டினால் பரப்புக் கணக்கு வீட்டுக்காரரை விழுங்கிவிடும். அறைகளைவிடப் பட்டாலையும் தாழ்வாரமும் பெரிதாக இருக்கிற வீடு இது. தங்குகிறவர் பத்துப் பேராக இருந்தாலும் பரப்பு ஒரு பெரிய ஓட்டலின் பரப்பாக நிற்கும்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் வங்கிகளும் அலுவலகங்களும் காலி செய்துபோன பழைய மாடிக் கட்டடங்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா நின்றன. குடியிருப்பாக மாற்ற ஆள் இருந்தது. வீட்டுக்கு இத்தனை கார் இடம் என்ற விதிக்கு இடம் காட்டத்தான் முடியவில்லை. 1999-ல் நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது: 1974-க்கு முன் கட்டிய கட்டடத்தை மாற்றிப் பயன்படுத்துகிறவர் புதிதாகக் கார் இடம் காட்டத் தேவையில்லை, இருக்கிற இடத்தைக் குறைக்காமல் இருந்தால் போதும். பிறகு அந்தக் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் வந்தன. காருக்கு இடம் வேண்டியவர்கள் பக்கத்தில் வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் நமக்கு இன்னும் நெருக்கம். 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். கார் நிறுத்த இடம் குறைந்தால் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையிலிருந்து பழைய கடைவீடுகளைப் புதுப்பித்தவர்களுக்கு விலக்கும் கொடுத்தார்கள். ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதே சிங்கப்பூர் வேறு மாதிரி நடந்தது. நகரத்தார் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த கிட்டங்கிகள் மார்க்கெட் தெருவில் இருந்தன. 1970-களின் நகரச் சீரமைப்பில் அவை போயின. 1984-ல் அதே தெருவில் ‘கோல்டன் ஷூ’ என்று பத்து மாடிக் கார் நிறுத்தகம் எழும்பியது. அதுவும் நிலைக்கவில்லை. 2017-க்குப் பிறகு அதை இடித்துவிட்டு 51 மாடிக் கோபுரம் கட்டினார்கள். கிட்டங்கிக் கணக்கில் வந்த பணத்தில் எழுந்த வீடுகளைப் பற்றித்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் இதற்கு விலக்குக் கேட்க என்ன வழி? தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் இருக்கின்றன. உத்தேசப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பதற்கான சீட்டு மட்டுமே, அதனால் ஒரு செங்கல்லுக்கும் காப்பு வந்துவிடாது. நீதிமன்றத் தடையும் பாதி மருந்துதான். சென்னை அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2010-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடிபடாமல் தப்பிய அந்தக் கட்டடம் பிறகும் ஆண்டுக்கணக்கில் பயன்பாடின்றிப் பாழடைந்து நின்றது.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும், ஏனென்றால் தெருவில் குடியிருப்பவர்கள் அவர்கள்தான். முகூர்த்த நாளில் தெருவின் இரு பக்கமும் காரை விட்டுவிட்டுப் போனால் பால்வண்டி நுழையாது, ஆம்புலன்ஸ் நுழையாது. சாமி புறப்பாட்டுக்குத் தெரு ஒழியாது. சினிமா படப்பிடிப்புக்கு வீட்டை விட்டால் ஜெனரேட்டர் வண்டியும் கேரவனும் வந்து வாசலை அடைக்கும். சுற்றுலாப் பேருந்து ஏறி வாய்க்கால் மூடிக்கல் உடைந்தால், பேருந்து போனபின் அதைப் பேரூராட்சியிடம் சொல்லிச் சொல்லி அலைபவர் பக்கத்து வீட்டுக்காரர். வாடகை வாங்கியவர் சென்னையில் இருப்பார். இந்த எரிச்சலைப் ‘பொறாமை’ என்று தள்ளுவது அநியாயம்.

ஆகவே முதலில் பயன்பாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கானாடுகாத்தானின் விசாலம், காரைக்குடியின் தி பங்களா, கொத்தமங்கலத்தின் சாரதா விலாஸ் போல மரபு வீட்டில் நடக்கும் விடுதிகளில் அறைகள் குறைவு. பத்து அறை நிரம்பினாலும் பத்துக் கார். அதிலும் வாடகைக் காரில் வருகிறவர்கள் பாதி. (அந்த ஓட்டுநர் இரவு எங்கே படுப்பார், எங்கே குளிப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. அவருக்கு ஓர் அறையும் கழிப்பறையும் கொடுத்தாலே வண்டி வாசலில் நிற்க வேண்டிய காரணம் பாதி குறைந்துவிடும்.) கல்யாண மண்டபக் கணக்கு வேறு. ஐந்நூறு பேர் வந்து, காருக்கு நான்கு பேர் என்றால் 125 கார். மேலே சொன்ன அளவில் முக்கால் ஏக்கருக்கும் அதிகம். நூலகம், நெசவுக்கூடம், இரண்டு மூன்று குடும்பத்துக்கு வாடகைக் குடியிருப்பு என்றால் சைக்கிளும் ஸ்கூட்டரும் நிற்க முகப்பே போதும். எல்லாவற்றுக்கும் ஒரே பரப்புக் கணக்கைப் போடுவதால்தான் சிறிய முயற்சி அனுமதிக்கு அலைகிறது. பெரிய அளவில் செய்பவர் பின்கட்டை இடித்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்.

எனக்குச் சரியாகப்படுவது இது. விடுதி, குடியிருப்பு, கைத்தொழில் போன்ற சிறு பயன்பாட்டுக்குப் பழைய வீட்டிடம் கார் இடம் கேட்கவே கூடாது. விசேஷங்களுக்கு விடுகிறவரிடம் நாளுக்கு ஒரு கட்டணம் வாங்கிப் பேரூராட்சி ஊர் எல்லையில் பொதுவாக ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அங்கிருந்து வயதானவர்களையும் பெட்டிகளையும் ஏற்றிவர இரண்டு ஆட்டோ போதும். முன்தெருவில் ஏற்றி இறக்கலாம், நிறுத்தக் கூடாது. சரக்கும் சமையல் வண்டியும் பின்தெரு வாசலுக்குப் போகட்டும். அந்தக் காலத்தில் அண்டாவும் விறகும் அரிசி மூட்டையும் போன வழி அதுதான். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தகம் கட்டியிருக்கிறார்கள். தினம் கூட்டம் வரும் கோயில் நகரத்துக்கு அது வேண்டியதாக இருக்கலாம். நெற்குப்பை அளவுள்ள ஊரில் அதைக் கட்டினால் அதுவும் ஒரு காலிக் கட்டடமாக நிற்கும்.

ஊர் எல்லையில் இடம் என்றதும் எல்லோர் கண்ணும் போவது ஊருணிக் கரைப் பொட்டலுக்கு. அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் மழைநீர் ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் இறங்கும். தூம்புவாய்க்குக் கீழே கிடாரத்தை வைத்துக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். மீதி வாய்க்கால் வழியே தெருவுக்கு வந்து, தெருச் சரிவில் ஓடி ஊருணிக்குப் போகும். வற்றாத ஆறு இல்லாத இந்த வறண்ட பூமியில் ஊரைக் குடிவைத்தது இந்த ஏற்பாடுதான். ஊருணியைச் சுற்றிச் சும்மா கிடப்பதாகத் தெரியும் பொட்டல், நீர் ஓடி வரும் வரத்து. அதில் சிமெண்டுத் தளம் போட்டுக் கார் நிறுத்தினால் வரத்து மாறும். வழிகிற எண்ணெயும் டீசலும் முதல் மழையிலேயே ஊருணிக்குள் இறங்கும். இடம் ஒதுக்குமுன் மழை பெய்யும்போது ஒருமுறை குடை பிடித்துப் போய் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டால் பாதித் தப்பு நடக்காது. ஒதுக்கிய இடத்திலும் தளம் போடாமல் கிராவல் அடித்தால் போதும். ஆண்டில் சில நாள் வண்டி நிற்கும் தரை அது. மற்ற நாளில் பையன்கள் பந்து விளையாடலாம்.

இவ்வளவும் சரியானாலும் பங்காளிகள் கையெழுத்து மிச்சமிருக்கிறது. முப்பது பேரில் ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவருக்கு வழக்கு இருக்கும், ஒருவர் ‘நம்ம ஐயா கட்டின வீட்டில் எவனோ வந்து படுக்கிறதா’ என்பார். பேச்சு முறியும் கூட்டங்களில் வெளியே சொல்லும் காரணம் பெரும்பாலும் பார்க்கிங்காகத்தான் இருக்கும், அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை என்பதால். வண்டிக்கு ஊர்ப் பொதுவில் ஓர் இடம் வந்துவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். பிறகு வாடகை யாருக்கு எவ்வளவு, படைப்பு நாளில் வீடு யாருக்கு, ஓடு மாற்றும் செலவு யார் தலையில் என்று பேச வேண்டியதைப் பங்காளிகள் நேராகவே பேசித்தான் ஆக வேண்டியிருக்கும்.