எண்களின் தமிழ் வடிவம்: மென்பொருள் வட்டாரத் தரவுகளில் இலக்கமும் காற்புள்ளியும் இலட்சமும்

முன்னுரை

கணினித் தமிழ் ஆய்வரங்குகளில் குறியேற்றம், எழுத்துரு, விசைப்பலகை, சொற்பிழை திருத்தி, இயந்திர மொழிபெயர்ப்பு ஆகியன பற்றிக் கட்டுரைகள் தொடர்ந்து வாசிக்கப்படுகின்றன. எண்களைப் பற்றியவை அரிதாகவே வருகின்றன. எண் எல்லா மொழிக்கும் பொதுவானது, அதில் தமிழுக்கெனத் தனியே ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒருவர் தம் கைப்பேசியில் நாள்தோறும் காணும் தமிழில் கணிசமான பகுதி எண்ணோடு கூடியே வருகிறது: வங்கி இருப்பு, கட்டண விவரம், காணொளியைப் பார்த்தோர் தொகை, தேர்தல் முடிவு. இவற்றைத் திரையில் எழுதுபவர் எவரும் இல்லை, நிரலே எழுதுகிறது. அந்நிரலுக்கு வழக்கைக் கற்பித்தவர் யார், கற்பித்தது சரியா என்பவையே இக்கட்டுரையின் வினாக்கள்.

எண்ணை எந்த இலக்கங்களால் எழுதுவது, எங்கே காற்புள்ளி இடுவது, எச்சொல்லால் சுருக்கிச் சொல்வது ஆகிய மூன்றும் வேறு வேறு சிக்கல்கள். நம் அவைகளில் முதலாவதைப் பற்றியே உணர்ச்சியோடு பேசப்படுகிறது. பயன்படுத்துவோரைத் தொடுபவை பெரிதும் மற்ற இரண்டுமே என்பது என் கருத்து.

தரவு இருக்கும் இடம்

நிரல் தன்னுள் ஓர் எண்ணை மொழியற்ற மதிப்பாகவே வைத்திருக்கிறது. அதைக் காட்டும் கணத்தில்தான் மொழி குறுக்கிடுகிறது. ஒரே மதிப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் 1,234,567.89 எனவும், செருமானியத்தில் 1.234.567,89 எனவும், இந்திய மரபில் 12,34,567.89 எனவும் வரும். உலக மொழிகளின் வழக்கங்கள் அனைத்தையும் ஒரு நிரலாளர் அறிந்திருக்க இயலாது. ஆதலால் அவை ‘வட்டாரத் தரவு’ என்ற பெயரில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. 1991இல் கலிபோர்னியாவில் நிறுவப்பெற்ற ஒருங்குறிச் சேர்த்தியம் 2004இல் அக்களஞ்சியத்தின் பொறுப்பை ஏற்றது. சி.எல்.டி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அதிலிருந்தே ஆண்ட்ராய்டும் ஆப்பிள் கருவிகளும் பெரும்பாலான இணைய உலாவிகளும் தமிழ் எண் வழக்கைப் பெறுகின்றன. களஞ்சியத்தில் ஒரு வரி மாறினால், மதுரையிலும் கிள்ளானிலும் யாழ்ப்பாணத்திலும் எடிசனிலும் உள்ள கருவிகள் அடுத்த புதுப்பித்தலில் மாறிவிடும்.

இந்திய முறை காற்புள்ளி கணினிக்குப் புதிதன்று. 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரத்திலேயே, வலமிருந்து முதற்குழு மூன்று இலக்கம், அடுத்தவை இரண்டிரண்டு எனக் குறிப்பதற்கு வழி இருந்தது. 1997இல் வெளிவந்த ஜாவாவின் 1.1 பதிப்பில் அவ்வழி இல்லை. அதன் பன்னாட்டு மொழி வசதிகளைக் கூப்பர்டினோவிலிருந்த டாலிஜென்ட் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. எண் வடிவமைப்பு வகுப்பில் குழுவின் அளவு ஒன்றே ஒன்றுதான். வார்ப்பில் பல காற்புள்ளிகளை இட்டாலும் கடைசிக் குழுவின் நீளமே எல்லாக் குழுக்களுக்கும் கொள்ளப்படும். அதே மூலத்திலிருந்து வளர்ந்து 1999இல் ஐ.பி.எம். திறந்த மூலமாக வெளியிட்ட ஐ.சி.யு. நூலகம் ‘இரண்டாம் குழு அளவு’ என்ற ஒன்றைச் சேர்த்து இக்குறையை நீக்கிற்று. ஜாவாவின் அடிப்படை வகுப்பு அதைப் பின்பற்றவில்லை. இந்திய நிரலாளர் பலர் காற்புள்ளியிடத் தாமே சிறு நிரல் எழுதிக்கொள்வதன் காரணம் இதுவே.

தமிழ் இலக்கங்கள்

தமிழ் எண்குறிகளைக் கணினியில் இயல்பிருப்பாக்க வேண்டும் என்ற கோரிக்கை மாநாடுதோறும் எழுகிறது. இதில் முதலில் தெளிய வேண்டியது, மரபான தமிழ் எண்முறை இடமதிப்பு முறையன்று என்பதாகும். அதில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் உண்டு; சுழியம் இல்லை. 3456 என்பது ௩௲௪௱௫௰௬ என எழுதப்படும். 2019 என்பது ௨௲௰௯. இடமதிப்பு முறையில் ௨௦௧௯ என எழுதுவது பிற்கால வழக்கு. அவ்வழக்குக்கு வேண்டிய தமிழ்ச் சுழியம் 2005இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. மற்ற ஒன்பது இலக்கங்களும் ௰, ௱, ௲ குறிகளும் அதற்கு முன்பே இருந்தன.

களஞ்சியம் இவ்விரு முறைகளையும் வேறுபடுத்தியே பதிந்திருக்கிறது. ஒன்று பத்து இலக்கங்களைக் கொண்ட பதின்ம முறை. மற்றது விதிகளால் கணித்து எழுதப்படும் மரபு முறை. தமிழுக்கு இயல்பிருப்பு 1, 2, 3 என்னும் பொது இலக்கங்களே. விரும்பும் நிரல் மற்ற இரண்டில் எதையும் கேட்டுப் பெறலாம். என்னைக் கேட்டால் இவ்வேற்பாடு அப்படியே இருக்கலாம். தமிழ் நூல்களும் இதழ்களும் ஆண்டையும் விலையையும் பொது இலக்கங்களில் அச்சிட்டு வரும் நிலையில், கருவி மட்டும் ௭௮௬ எனக் காட்டினால் படிப்போர் தடுமாறுவர். வேறோர் இடையூறும் உண்டு. ௧ என்ற இலக்கமும் க என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு வேறு வேறு குறியெண்கள். ௨–உ, ௮–அ ஆகிய இணைகளும் அத்தகையனவே. கடவுச்சொல்லிலும் தேடலிலும் இவை விளைவிக்கும் குழப்பத்தைப் பாதுகாப்புத் துறையினர் நன்கறிவர்.

பின்னக் குறிகளின் நிலை வேறு. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), மாகாணி (1/16) முதலான குறிகள் 2019இல் ஒருங்குறி 12.0 பதிப்பின் ‘தமிழ்ப் பிற்சேர்க்கை’ப் பகுதியில் இடம்பெற்றன, நில அளவை, முகத்தலளவை, கணக்கேட்டுக் குறிகளையும் சேர்த்து மொத்தம் 51 குறிகள். ஓலைச்சுவடிகளையும் பழைய கணக்கேடுகளையும் பதிப்பிப்போருக்கு இது பெருங்கொடை. ஆயினும் குறிகள் கிடைத்துவிட்டனவேயன்றி, அவற்றின் மதிப்பைக் கூட்டிப் படிக்கும் விதிகள் எந்தப் பொது நூலகத்திலும் இன்னும் வழக்கிற்கு வரவில்லை. ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேட்டுக்கு ஏற்ற பொருள் இது.

காற்புள்ளி

களஞ்சியத்தில் ‘தமிழ்’ என்ற பொதுப் பதிவு இந்திய வழக்கைக் கொண்டுள்ளது. அதன் வார்ப்பு #,##,##0 என்பதாகும். மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் மட்டும் #,##0 எனத் தனிப் பதிவு உண்டு. மற்ற நாட்டுத் தமிழ் அனைத்தும் பொதுப் பதிவிலிருந்தே வழக்கைப் பெறும். அமெரிக்கத் தமிழுக்கெனத் தனிப் பதிவு இல்லை. எனவே நியூ ஜெர்சியிலோ டல்லாசிலோ ஒருவர் தம் கைப்பேசியின் மொழியைத் தமிழாக மாற்றினால், வீட்டு விலை $12,34,567 என வந்து நிற்கும். அதே பேசியில் ஆங்கிலத்தில் அது $1,234,567. இந்தியாவில் கணக்குப் படித்து வந்தவர்கள் இதைப் படித்துவிடுவர். இங்கே பிறந்து வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அதை அச்சுப்பிழையெனக் கொள்வர். இதனைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். டாலரையும் இலட்சக் கணக்கில் பேசும் குடும்பங்கள் இங்கு ஏராளம். பொதுப் பதிவு அவர்களுடைய பேச்சோடு ஒத்தே போகிறது.

இலங்கையின் நிலைதான் கூர்ந்து நோக்கத்தக்கது. இலங்கைத் தமிழ், பொதுப் பதிவின் வழியே 12,34,567 என்ற வடிவைப் பெறுகிறது. அதே நாட்டின் சிங்களப் பதிவு 1,234,567 என்றுள்ளது. ஒரே அரசு ஒரே தொகையை இருமொழிப் படிவத்தில் தானியங்கியாக வெளியிடுமாயின், இரு பத்திகளிலும் காற்புள்ளிகள் வெவ்வேறு இடங்களில் விழும். பேச்சில் இலட்சமும் கோடியும் வழங்கினும், அந்நாட்டுத் தமிழ் நாளிதழ்கள் அரசின் பெருந்தொகைகளை மில்லியன், பில்லியன் என எழுதுவதே பெருவழக்கு. சென்னையின் வழக்கு கொழும்புக்குத் தானே பொருந்தும் என்ற எடுகோள், எவரும் வேண்டுமென்று செய்ததன்று. தனிப் பதிவு இல்லாமையால் நேர்ந்தது.

இலட்சமா, மில்லியனா?

பெருந்தொகையைச் சுருக்கிக் காட்டும் வசதியில்தான் முரண் வெளிப்படையாகத் தெரிகிறது. தமிழ்ப் பொதுப் பதிவில் நீண்ட காலமாக நிலவும் சுருக்கங்கள் ஆயிரம், மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்பன. குறு வடிவில் ஆ, மி, பி, டி. இந்திப் பதிவிலோ இலட்சத்துக்கும் கோடிக்கும் உரிய இந்திச் சொற்களே இடம்பெற்றுள்ளன. ஆகவே ஒரே தமிழ்ப் பதிவு, முழு எண்ணை 12,34,567 என இலட்ச முறையில் பிரிக்கிறது, சுருக்கும்போது 1.2மி என மில்லியன் முறைக்குத் தாவுகிறது. 1,50,000 பேர் பார்த்த காணொளியின் கீழ் ‘150ஆ’ என வரும். தமிழ்நாட்டில் எவரும் ஒன்றரை இலட்சத்தை நூற்றைம்பதாயிரம் என்று சொல்வதில்லை.

குறு வடிவங்களிலும் இடர் உண்டு. ‘3ஆ’ என்பதைக் காணும் தமிழர் மூவாயிரம் என்றா எண்ணுவார்? 3ஆம், 3ஆவது என்பவற்றின் முறிந்த வடிவமாகவே அது தோன்றும். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்துச் சுருக்கம் செய்தித்தாள்களின் வழியே பழகிப் பின்னர் கருவிக்கு வந்தது. தமிழில் கருவிதான் அதை முதலில் எழுதிற்று. இட நெருக்கடி கருதியே இவை அமைக்கப்பட்டன என்பதை உணர்கிறேன், எனினும் ‘1.5 கோடி’ என்பது இரண்டெழுத்துச் சொல், சுருக்கவே வேண்டியதில்லை.

இவ்வாறு அமைந்ததற்குச் சதி எதையும் தேட வேண்டியதில்லை. களஞ்சியத்தின் தரவு, குறித்த காலங்களில் திறக்கப்படும் கருத்தறியும் தளத்தில் வாக்குகளால் தீர்மானிக்கப்படுகிறது. உறுப்பு நிறுவனங்களின் வாக்குக்கு எடை கூடுதல். தனியாள் விருந்தினராகப் பதிவு செய்தும் வாக்களிக்கலாம், எடை குறைவு. ஆங்கில வார்ப்பை முன்வைத்துக் கொண்டு பெட்டி பெட்டியாக நிரப்பும் மொழிபெயர்ப்பாளரிடம் பத்து இலட்சத்துக்குரிய பெட்டியில் ‘மில்லியன்’ என்ற சொல்லே முதலில் வந்து விழும். பதிவை மாற்ற இயலும். ஆனால் அதற்குச் சான்றோடு கூடிய முன்மொழிவு வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் வழக்கைக் காக்கும் தனிப் பதிவுகள் உடனிருக்க வேண்டும். அவ்விரு நாடுகளிலும் மில்லியன் என்பதே தமிழாசிரியரும் செய்தியாளரும் ஆளும் சொல். பொதுப் பதிவில் இலட்சத்தைச் சேர்த்துவிட்டு அவர்களை மறப்பது இப்போதைய பிழையைத் திருப்பிப் போட்டது போலாகும்.

எண்ணைச் சொல்லாக்குதல்

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான்களும் பேச்சுக் கருவிகளும் எண்ணை ஒலித்தாக வேண்டும். இங்கே ஒட்டிச் சேர்க்கும் நிரல் தோற்றுவிடுகிறது. நூறு என்பது தனித்து நின்றால் நூறு. பின்னே எண் வந்தால் நூற்று. ஆயிரம் ஆயிரத்து என்றும், இலட்சம் இலட்சத்து என்றும் மாறும். 21,000 இருபத்தோராயிரம், 300 முந்நூறு, 3000 மூவாயிரம், 500 ஐந்நூறு, 5000 ஐயாயிரம். தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஒன்பதைத் தம்முள் வெளிப்படையாகக் காட்டுவதே இல்லை. தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியல் இவற்றை விதிகளாகவே வகுத்துள்ளது. அவ்விதிகளின் வரிசைமுறையை அப்படியே நிரலாக்கலாம் என்பதை என் வகுப்புகளில் மொழியியல் மாணவரும் கணினியியல் மாணவரும் இணைந்து செய்து பார்த்துள்ளனர். கணினியியல் மாணவருக்கு வியப்பளித்தது விதிகளின் பழமையன்று, விலக்குகள் எவ்வளவு குறைவு என்பதே.

இலக்கத்தால் எழுதும்போது இச்சிக்கல் மறைந்துவிடுகிறது. ‘1000க்கு’ என எழுதினால் படிப்பவரே அத்துச் சாரியையைச் சேர்த்து ஆயிரத்துக்கு என்று படித்துக்கொள்வார். ஒலிக்கும் கருவி அதைச் செய்யாது. ‘1000க்கு’ என்பதை ‘ஆயிரம்க்கு’ என ஒலிக்கும் கருவியைக் கேட்போருக்கு அச்செய்தியைச் சரிபார்க்கத் திரையில் இலக்கம் தெரிவதில்லை.

ஒருமை பன்மையைப் பொறுத்தவரை களஞ்சியம் தமிழுக்கு ஒன்று, பிற என இரு வகைகளைத் தருகிறது; அரபிக்கு ஆறு. நமக்கு இரண்டு போதும். ‘1 பேர் விரும்புகிறார்கள்’ என்ற கொடுமை களஞ்சியத்தின் குறையால் நிகழ்வதன்று. ஒருமைக்குரிய வகையில் ‘ஒருவர் விரும்புகிறார்’ என எழுதாமல் பன்மை வாக்கியத்தையே படியெடுத்து ஒட்டியதால் நிகழ்வது.

மாற்றத்திற்கான முன்மொழிவு எழுதப்படுமாயின் அதற்குத் தேவைப்படும் சான்றுகள் எளியவை: தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்ட உரைகள், நான்கு நாடுகளின் தமிழ் நாளிதழ்கள், பள்ளிக் கணக்குப் பாடநூல்கள். இவை அனைத்தும் ஆய்வு நூலகங்களில் உள்ளன. இலங்கைத் தமிழுக்குத் தனிப் பதிவு வேண்டுமா, வேண்டின் காற்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் அந்நாட்டு அறிஞர்களே சொல்ல வேண்டும். அவர்களுக்காகச் சென்னையோ சிலிக்கான் பள்ளத்தாக்கோ முடிவு செய்வது முறையன்று.