பட்டத்திற்குப் பின்னும் பாடம்

நுழையும்முன்

கால்நடை மருத்துவம் என்றதும் ஆடும் மாடும் கோழியுமே நம் நினைவிற்கு வருகின்றன. காட்டிலும் கடலிலும் வாழும் உயிரினங்களும் நோயுறுகின்றன, காயமடைகின்றன. அவற்றிற்கு மருத்துவம் செய்வோர் வாழ்நாள் முழுவதும் மாணவராக இருக்க வேண்டியது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

உயிர்கள் நிறைந்த மாவட்டம்

செங்கல்பட்டு மாவட்டம் பல்லுயிர் வளம் மிக்கது. 1855 இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தோன்றிய விலங்குக் காட்சிசாலை, 1985 இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகப் புதுவாழ்வு பெற்றது. இன்று அது ஏறத்தாழ 602 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ளது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், வடநெம்மேலியில் 1976 இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை உள்ளது. வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. சனவரி முதல் மார்ச் வரை கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. சிங்கம், முதலை, நாரை, ஆமை எனப் பல்வகை உயிர்களும் இங்குள்ள கால்நடை மருத்துவரின் உதவியை நாடி நிற்கின்றன.

உடலுக்கோர் இலக்கணம்

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகளைக் கொண்டது. அதன் பெரும்பகுதி வீட்டு விலங்குகளைப் பற்றியதே. மாட்டிற்குரிய முறையை முதலைக்கு அப்படியே பின்பற்ற இயலாது. ஊர்வனவற்றின் உடல்வெப்பம் சூழலைப் பொறுத்து மாறும். உடல் குளிர்ந்திருந்தால் மருந்து உடலில் செயற்படும் வேகமும் குறையும். மேலும், அவற்றின் பின்னுடலிலிருந்து திரும்பும் குருதி சிறுநீரகங்களின் வழியே செல்லக்கூடும். ஆகவே, சில மருந்துகளை உடலின் முன்பகுதியில் செலுத்துவதே வழக்கம். பறவைக்கோ நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லை. மார்பெலும்பின் அசைவால்தான் அது மூச்சு விடுகிறது. காயமுற்ற நாரையின் மார்பை அன்பு மிகுதியால் இறுகப் பற்றினாலும் அது மூச்சுத் திணறி இறக்க நேரிடும். இரக்கம் மட்டும் போதாது. அறிவும் உடன் வேண்டும்.

நேற்றில்லாத நோய்

நூல்களில் இடம்பெறாத நோய்களும் தோன்றுவதுண்டு. 2020 ஏப்ரலில் நியூயார்க் நகரின் பிராங்க்சு உயிரியல் பூங்காவில் புலி ஒன்றுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஐதராபாத் பூங்காவின் சிங்கங்களும், சூன் மாதத்தில் வண்டலூர்ச் சிங்கங்களும் அத்தொற்றுக்கு ஆளாயின. வண்டலூரில் இரு சிங்கங்கள் உயிரிழந்தன. தொடர் சிகிச்சையால் மற்றவை தேறின. அங்கு மருத்துவம் செய்தவர்களுள் எவரும் இந்நோயைக் கல்லூரியில் கற்றிருக்க வாய்ப்பில்லை. போபால் ஆய்வகத்தின் சோதனை முடிவுகளையும் பிற பூங்காக்களின் பட்டறிவையும் பல்கலைக்கழக வல்லுநர்களின் அறிவுரையையும் கொண்டே அவர்கள் செயலாற்ற வேண்டியிருந்தது.

மருந்தே நஞ்சானது

புதிய அறிவு காட்டு விலங்கு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. 1990களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்தன. மாடுகளின் வலியைப் போக்கத் தரப்பட்ட டைக்ளோபினாக் மருந்தே காரணம் என்பது 2004 இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. அம்மருந்து தங்கிய மாட்டின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 2006 இல் கால்நடைகளுக்கென அம்மருந்தைத் தயாரிப்பதை இந்திய அரசு தடை செய்தது. நல்லெண்ணத்துடன் மாட்டைக் காத்த கைகளே, அறியாமல் கழுகின் அழிவிற்கும் காரணமாயின. முன்னர்க் கற்றதைத் திருத்திக்கொள்வதும் கல்வியே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கற்பிக்கும் களங்கள்

இத்தகைய தொடர்கல்விக்குத் தமிழ்நாட்டில் வாய்ப்புகள் உள்ளன. 1903 இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்குகிறது. வனத்துறையின் உயர்நிலை வனஉயிரினப் பாதுகாப்பு நிறுவனம் வண்டலூரில் ஆய்வும் பயிற்சியும் மேற்கொள்கிறது.

கல்வி வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. 2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை கடலில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடுவது. வலையில் சிக்கி மேலே வர இயலாவிடில் நீரில் மூழ்கி இறந்துவிடும். அவ்வாறு மூழ்கியதற்கான அடையாளங்களை உடற்கூறாய்வுகள் காட்டின. இறந்த உடலும் கற்பிக்கிறது. வாழும் ஆமைகளைக் காக்க வழி கூறுகிறது.

பாம்புகளைக் கையாள்வதில் இருளர் பழங்குடியினரின் மரபறிவு ஒப்பற்றது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பட்டம் பெற்ற மருத்துவரும் அவர்களிடம் பணிவுடன் கற்கத்தக்கவை பல.

விலங்கு தன் வலியைச் சொல்வதில்லை. தவறான மருந்தைத் தடுப்பதுமில்லை. அதன் பொருட்டு அறிந்துகொள்ளும் கடமை முழுவதும் மருத்துவரையே சாரும். பட்டம் மருத்துவம் செய்யும் உரிமையைத் தருகிறது. தொடர்ந்து கற்பதே அவ்வுரிமைக்குத் தகுதியைத் தருகிறது.