தோல் ஆலை மீட்டர் சொல்வது உண்மையா? பைத்தான் கேட்கும் கேள்வி!

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கம் யாரிடம் பேசினாலும் பேச்சு இரண்டு விஷயங்களில் வந்து நிற்கும். ஒன்று, சோறு போடும் தோல் தொழில். இன்னொன்று, உப்பாகிப்போன கிணற்றுத் தண்ணீர்.

இது பழைய வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது அதில் பதிவானது. 900-க்கும் மேற்பட்ட ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

அதன் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகும் நாள் சரி... மற்ற நாள்களில் யார் பார்ப்பது?

24 மணி நேரக் காவல்

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. தோல் பதனிடுதலும் அந்தப் பட்டியலில் உண்டு.

கழிவுநீரின் அளவையும் அமிலத்தன்மையையும் சென்சார்கள் அளக்கும். அந்த எண்கள் 'டேட்டா லாகர்' என்ற பெட்டிக்குப் போய், அங்கிருந்து இன்டர்நெட் வழியாக சர்வருக்குச் செல்லும். இதுபோன்ற தொழிற்சாலைக் கருவிகள் பல, 1979-ல் உருவான 'மோட்பஸ்' என்ற மொழியில்தான் இன்றும் பேசிக்கொள்கின்றன.

பைத்தான் என்ன செய்யும்?

ஐம்பது இடங்களில் கருவிகள் இருந்தால், ஒவ்வொன்றாகத் திறந்து எண்களைக் குறித்துவைப்பது ஆளுக்கு ஒரு நாள் வேலை. பைத்தானில் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட், ஒவ்வொரு கருவியின் ஐ.பி. முகவரியையும் வரிசையாக அழைத்து, எண்ணை வாங்கி, நேரத்தோடு சேமித்துவிடும். அளவு மீறினால் போனுக்கு மெசேஜ் அனுப்பும்.

கருவிகளை இணைக்கும் ரூட்டர்களுக்கும் இதே வசதி உண்டு. 'நெட்மிகோ' என்ற இலவச பைத்தான் லைப்ரரி மூலம், பல ரூட்டர்களில் ஒரே நேரத்தில் செட்டிங்கை மாற்றலாம். தினமும் பேக்கப் எடுக்கலாம். நேற்றைய பேக்கப்பையும் இன்றையதையும் ஒப்பிட்டால், யாராவது செட்டிங்கில் கைவைத்திருந்தால் தெரிந்துவிடும்.

எண் மட்டும் போதுமா?

ஸ்கிரிப்ட் பொய் சொல்லாது. ஆனால், சென்சாரை நல்ல தண்ணீர் வாளியில் முக்கிவைத்தால் வாளியின் கதையைத்தான் அது சொல்லும். அழுக்குப் படிந்த சென்சாரும் அப்படியே.

இதையும் ஸ்கிரிப்டைவைத்தே சந்தேகப்படலாம். ஓடும் கழிவுநீரில் எண் ஏறி இறங்கும். ஆறு மணி நேரம் ஒரு புள்ளிகூட மாறவில்லையா? ஆலை ஓடும் நேரத்தில் மட்டும் டேட்டா வரவில்லையா? உடனே எச்சரிக்கை தரும்படி நாலைந்து வரிகள் சேர்த்தால் போதும். அதன் பிறகு நேரில் போய்ப் பார்ப்பது மனிதர் வேலை!

2025 ஜனவரி 30-ல், பாலாறு மாசு தொடர்பாக உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்து அப்போதே 28 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

வேலூர், ஆம்பூர் கல்லூரிகளில் பைத்தான் படிக்கும் தம்பி, தங்கைகளே... அடுத்த புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். அது உங்கள் ஊர் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது!