"பரிசோதிக்கப்பட்டது" என்றால் என்ன? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களுக்கு,



கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் சபைகளும், வாலிபர் கூட்டங்களும், பெண்கள் ஐக்கிய சங்கங்களும் நம் நோயாளிகளுக்காகப் பரிசுப் பொதிகள் அனுப்பி வருகிறீர்கள். சேலை, போர்வை, துண்டு, சோப்பு இவற்றோடு சில ஆண்டுகளாக முகக் கிரீம்களும் லோஷன்களும் அவற்றில் இருக்கின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி அனுப்புவதும் உண்டு. "பரிசோதிக்கப்பட்டது என்று அட்டையில் போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறோம்.

சுருக்கமான பதில் இதுதான்: டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி சொல்ல விரும்புவது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது சட்டம் சொல்லச் சொல்வது. நம்மைக் காப்பது பின்பக்கம்.

நம் பள்ளத்தாக்கில் இது ஏன் பெரிய காரியம்?

கம்பம், கூடலூர், போடி பக்கத்துச் சகோதரிகள் பலர் விடியுமுன்னே ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலை கடந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களுக்குத் திராட்சையும் வாழையும் வயலும் உண்டு. வெயில், வியர்வை, தோட்டத்து ஈரம், பூச்சிமருந்து, திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மயில்துத்தம் சுண்ணாம்புக் கலவை என எல்லாம் படுவது அவர்கள் தோலில்தான். கை வெடிக்கிறது, இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை வருகிறது, முகத்தில் மங்கு படிகிறது.

மருத்துவரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே கடையில் நின்று, "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்கிறார்கள். அதே ட்யூப் வீட்டில் எல்லார் முகத்துக்கும் போகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வேறொரு டப்பாவும் வீட்டுக்குள் வருகிறது.

நம் தோல் சிகிச்சைப் பிரிவில் இத்தகைய முகங்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருந்திருக்கும். பிறகு கன்னம் சிவந்து, மெல்லிய இரத்தக்குழாய்கள் கோடு கோடாகத் தெரியும். பருக்கள் கொத்தாக எழும்பும். சிலருக்கு மீசை இடத்தில் முடி வளரும். "நிறுத்தினா முகம் நெருப்பா எரியுது டாக்டரம்மா, அதனாலதான் திரும்பத் தடவுறேன்" என்பார்கள். இது அவர்களுடைய பிடிவாதம் அல்ல. அந்த மருந்து தோலைப் பிடித்து வைத்திருக்கும் பிடி அது.

முன்பக்கத்துச் சொற்கள்

*"டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்."* தோல் மருத்துவர் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டது என்று பொருள்படும். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எத்தனை நாள், முடிவு என்ன என்பதை இந்தச் சொல் கூறாது. பெரும்பாலும் ஆரோக்கியமான ஒரு சிறு குழுவினரின் முதுகிலோ கையிலோ ஒட்டிப் பார்த்த சோதனையாகவே இருக்கும். ஏலத்தோட்டத்தில் வெடித்த கையிலும், வெயிலில் வெந்த முகத்திலும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள்.

*"ஹைப்போ அலர்ஜெனிக்."* ஒவ்வாமை வரும் வாய்ப்பு குறைவு என்று பொருள், வராது என்று பொருளல்ல. அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1975-இல் ஒரு விதி செய்தது: இந்தச் சொல்லை அச்சிடுமுன் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்பதே அது. இரண்டு அழகுசாதனக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தீர்த்தது. இன்றளவும் அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஒரு வரையறை இல்லை.

*"அன்சென்டட்."* வாசனை இல்லை என்று நினைப்போம். மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க ஒரு நறுமணப் பொருளை உள்ளே சேர்த்திருக்கலாம். வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்கள் "ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ" என்று இருப்பதைத் தேட வேண்டும். பட்டியலிலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

*முயல் படம்.* விலங்குகளிடம் சோதிக்கவில்லை என்று பொருள். நல்லதுதான். ஆனால் இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014-லேயே தடை செய்யப்பட்டது. அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதும் அதே ஆண்டில் தடையாயிற்று. இந்தப் படம் உங்கள் தோலுக்கு அது ஆகுமா ஆகாதா என்பதைச் சொல்வதில்லை. பச்சைப் புள்ளியும் அப்படியே. அது சைவப் பொருள் என்பதை மட்டுமே காட்டும்.

*"ஹெர்பல்", "இயற்கை".* செடியிலிருந்து வருவதெல்லாம் சாந்தமானதல்ல. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும். எலுமிச்சையைவிட இயற்கையானது என்ன இருக்கிறது?

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 2020-இல் வெளியான அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி அட்டையில் இருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

1. தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும். ஊர் பெயர் இல்லாத டப்பாவை வாங்க வேண்டாம்.

2. உற்பத்தி உரிம எண். இந்த எண் இருந்தால் அரசின் உரிமம் பெற்ற இடத்தில் செய்தது என்று பொருள்.

3. பேட்ச் எண்ணும், எந்த மாதம் எந்த ஆண்டுவரை பயன்படுத்தலாம் என்பதும். தவறு நேர்ந்தால் எந்தச் சரக்கு என்று கண்டுபிடிக்கப் பேட்ச் எண்தான் வழி.

4. சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியல். அளவில் அதிகமானது முதலில் வரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாத பொருளின் பெயரை ஒரு சீட்டில் எழ்தி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

5. வெளிநாட்டுப் பொருளானால், இங்கே விற்பவர் பெயரும் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும். பயணப் பெட்டியில் வரும் கிரீம்களில் இது இராது. இங்குள்ள எந்த அதிகாரியும் அவற்றைப் பார்த்ததில்லை என்பதை மறக்க வேண்டாம்.

6. சிவப்புக் கோடும் ஆர்.எக்ஸ் என்ற குறியும். இவை இருந்தால் அது அழகுசாதனம் அல்ல, மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவோ பரிசாகக் கொடுக்கவோ கூடாது.

இந்த ஆறாவது குறிப்புதான் நம் சகோதரிகளின் முகத்தைக் காக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் என்று வந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்பவையும் மருத்துவர் அளவு பார்த்துத் தர வேண்டிய மருந்துகளே. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆணை தாளில் இருக்கிறது. அதை உயிர்ப்பிக்க, வாங்குகிறவரும் அந்தச் சிவப்புக் கோட்டை அறிந்திருக்க வேண்டும்.

இது நம் ஊரின் பிரச்சினை மாத்திரமல்ல. நம் நாட்டின் தோல் மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முகத்தோல் கோளாறோடு வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவி வந்தவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது மருத்துவர் அல்லாத ஒருவர்.

சீக்கிரம் வெளுத்தால் சந்தேகப்படுங்கள்

ஸ்டீராய்டு தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் முகம் வெளிறித் தெரிகிறது. நாளடைவில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிகிறது. படர்தாமரைமேல் தடவினால் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே போகும்.

இதைவிடக் கொடியது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாவதை அது தடுக்கிறது. தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ஆவியாகும் தன்மை இருப்பதால், தடவாத குழந்தைகளுக்கும் வீட்டில் தீங்கு உண்டு. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதலான செய்தி.

நம் விதிகளின்படி முகக் கிரீமில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆயினும் சட்டத்தை மீறிச் செய்கிறவன் அதைப் பட்டியலில் எழுத மாட்டான். அப்படியானால் எப்படிக் கண்டுகொள்வது? பட்டியலே இல்லாத டப்பா, முகவரி இல்லாத டப்பா, சில நாட்களிலேயே வெளுக்கும் என்ற வாக்கு, "பொன் வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்ற எச்சரிக்கை ஆகிய நான்கும் அபாய அடையாளங்கள். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். அதற்காகவே அந்த எச்சரிக்கை.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு பொருளை ஒட்டிப் பார்த்து ஒவ்வாமையைக் கண்டறியும் முறையை ஜெர்மானிய மருத்துவர் யோசப் யாடசோன் 1895-இல் அறிமுகம் செய்தார். இன்றும் மருத்துவமனைகளில் அதன் வழியில்தான் சோதிக்கிறோம். ஒட்டிய இடத்தை இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்க்கிறோம். ஏனெனில் தோல் உடனே பதில் சொல்வதில்லை.

வீட்டில் இதன் எளிய வடிவத்தைச் செய்யலாம். புதிய கிரீமை முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, காலையும் மாலையும், ஏழு நாள் தடவுங்கள். சிவப்போ அரிப்போ தடிப்போ வந்தால் கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள். ஒன்றும் வராவிட்டால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். இது ஒவ்வாமையைத்தான் காட்டும். ஸ்டீராய்டையோ பாதரசத்தையோ காட்டாது. அவற்றுக்கு மேலே சொன்ன அட்டைப் பரிசோதனைதான் வழி.

நிறத்தைப்பற்றி ஒரு வார்த்தை

உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில் ஒரு பெண் பேசுகிறாள். திராட்சத்தோட்டத்துக் காவலுக்கு வைக்கப்பட்டு, வெயில் பட்டுக் கறுத்துப்போனவள் அவள். தன்னைக் கறுப்பி என்றும் அழகானவள் என்றும் ஒரே மூச்சில் சொல்லிக்கொள்கிறாள். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்குக் கீழே நிற்கும் நம் சகோதரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாகம் எங்களுக்குத் தெரியவில்லை. தேவன் தமது சாயலாகப் படைத்த முகத்தை வெளுக்க வேண்டும் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லாதிருப்போமாக. பெண் தேடும் விசுவாசக் குடும்பங்களும் சொல்லாதிருப்போமாக.

நீங்கள் செய்யக்கூடியவை

பரிசுப் பொதியில் வெளுப்புக் கிரீம் வேண்டாம். தேங்காய் எண்ணெய், வாசனை சேர்க்காத வாசலின், சாதாரணக் குளியல் சோப்பு, அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை ஆகியவை தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு எந்தக் கிரீமையும்விடப் பயன் தரும். வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுவதும், மருந்து பட்ட உடுப்பைத் தனியே துவைப்பதும் பாதி நோயைத் தடுக்கும்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசி வருகிறவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். ட்யூபையும் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவரிடம் வரட்டும். வெளுப்புக் கிரீம் பூசுகிறவருக்குக் கால் வீங்கினாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும் தாமதிக்கக் கூடாது. சந்தேகமான சரக்கைக் கண்டால் மருந்து ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள். டப்பாவை எறிந்துவிடாதீர்கள், அதுவே சாட்சி.

உங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, இந்த ஆறு குறிப்புகளை வாசித்துக் காட்டுவீர்களானால் அதுவும் ஒரு காணிக்கையே.

ஜெபக் குறிப்புகள்

விடியற்காலையில் மலையேறும் தோட்டத் தொழிலாளரின் பாதுகாப்புக்காகவும், முகம் எரிச்சலோடு மாதக்கணக்கில் பொறுமையாய்ச் சிகிச்சை பெறும் இளம்பெண்களுக்காகவும், சீட்டில்லாமல் மருந்து கொடுக்க மறுக்கும் நேர்மையான கடைக்காரர்களுக்காகவும் ஜெபியுங்கள்.  

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்