பழைய கார் வாங்கப் போகிறீர்களா? கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்!

மெர்கோங் வட்டாரத்தில் பழைய கார் பார்க்கப் போகும் அன்பர்கள் முதலில் கேட்க வேண்டியது, "இந்தக் கார் வெள்ளத்தில் நின்றதா?"

2010 நவம்பர் வெள்ளத்தில் அலோர்ஸ்டார் விமான நிலையமே மூடப்பட்டது. நீரில் நின்ற காரைக் கழுவிச் சாயம் பூசினால் புதிதுபோல் மின்னும். ஆனால், ஒயர் இணைப்புகளில் புகுந்த ஈரம் மெல்ல அரிக்கும். மாதங்கள் கழித்து, பிள்ளைகளோடு போகும்போது நடுவழியில் நின்றுவிடலாம்.

எனவே, தரைக் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறையோ, சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துருவோ இருந்தால் விலகிவிடுங்கள். இன்ஜின் எண்ணெய் பால்காப்பி நிறமானால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும்.

பெயர் மாற்றத்திற்கான பி5 சோதனை முக்கியமாக வாகனத்தின் அடையாளத்தைச் சரிபார்க்கவே. அதை மட்டும் நம்பாதீர்கள். தெரிந்த பட்டறைக்காரரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில வெள்ளி, உங்கள் பல வருடச் சேமிப்பைக் காக்கும்.