ஒட்டுப் பசையும் மோட்டார் வண்டியும்

தாளை ஒட்டுவதற்கு விளாம்பிசினும் பலகையைப் பொருத்துவதற்கு வச்சிரமும் நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்தன. ஈரமும் வெப்பமும் பட்டால் நெகிழ்ந்துவிடும் இயல்பின ஆகையால், இயந்திரப் பொருள்களுக்கு அவை பெரும்பாலும் ஏற்றவையாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இரசாயன அறிஞர் ஆக்கிய செயற்கைப் பிசின்கள் இந்நிலையை மாற்றின. 1996ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'லோட்டஸ் எலீஸ்' என்னும் இங்கிலாந்துக் காரின் அலுமினியச் சட்டகமே எப்பொக்சிப் பசையினால் ஒட்டப்பட்டதாகும். ஒரு வண்டியின் சட்டகத்தைத் தாங்கும் பசை, வீட்டிலே உடைந்த பக்கக் கண்ணாடியின் கூட்டை ஒட்டினால் மட்டும் சில நாளில் விட்டுவிடுவது ஏன்?

முதற் காரணம் மேற்பரப்பு. எண்ணெயும் மெழுகும் படிந்த இடத்தில் பூசிய பசை, பொருளை விட்டு அழுக்கையே பற்றிக்கொள்கிறது. ஆதலால் உடைந்த பகுதியைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தி, அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மதுசாரம் தோய்ந்த தூய துணியால் துடைத்தல் வேண்டும். எப்பொக்சி இரு குழாய்களில் வருவது. ஒன்றிற் பிசினும் மற்றொன்றில் இறுக்கியும் இருக்கும். குறித்த அளவிற் கலந்தால்தான் இரண்டும் வினைபுரிந்து திண்மமாகும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசைக்கும் முழு வலிமை பெறப் பல மணி நேரம் தேவை. அதுவரை துண்டுகளை அசையாது பிடித்து வைத்தல் நன்று.

இரண்டாவது காரணம் பொருளின் இயல்பு. பம்பர்கள் பல பொலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. தாமரையிலையில் நீர் நில்லாதது போல, சாதாரணப் பசை அதிற் பற்றாது. பாகத்தின் உட்புறத்தில் 'பீ பீ' என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தால், அதற்கென உள்ள முற்பூச்சும் பசையும் வேண்டும். அல்லது சூடாக்கி உருக்கிப் பொருத்துதல் வேண்டும்.

மூன்றாவது காரணம் விசை வரும் திசை. ஒட்டிய இரு பரப்புகளை வழுக்கிப் பிரித்தல் கடினம். ஓரத்திற் பிடித்து உரித்தல் எளிது. எலீஸ் காரிலும் ஒட்டின் முனைகள் உரியாதிருக்கத் திருகாணிகள் இடப்பட்டன. வெடிப்பின் பின்புறம் அகன்றதொரு துண்டை வைத்து ஒட்டினால் வீட்டு வேலையும் இவ்வாறே உறுதிபெறும்.

எனினும் ஒட்டக்கூடாதவையும் உள. இயந்திரம் ஓடுகையில் றேடியேற்றர் நீர் ஏறத்தாழ 90 பாகை வெப்பம் அடையும். அவ்வெப்பத்தில் வீட்டுப் பசைகள் பல இளகிவிடும். பெற்றோல் தாங்கியில் விழும் கசிவு தீயை அழைக்கும். முகப்புக் கண்ணாடியும் பசையினாலேயே பொருத்தப்படுகிறது. வண்டி புரளும்போது கூரைக்குத் துணைநிற்பது அதுவாகையால், அவ்வேலை பயிற்சி பெற்றவர்க்கே உரியது. பிரேக், சுக்கான், இருக்கைப் பட்டி ஆகியவற்றின் பாகங்களை எந்தப் பசையாலும் ஒட்டலாகாது.

பசைக்குழாயைத் திறக்குமுன், இந்த ஒட்டு ஓடும் வழியில் விட்டால் என்ன நேரும் என்று சிந்தித்தல் வேண்டும். கண்ணாடிக்கூடு கழன்றால் போவது சிறு பணம். பிரேக் பாகம் கழன்றால், வண்டியில் இருப்பவரோடு வீதியில் நடந்து செல்பவரும் அதற்கு விலை கொடுக்க நேரும்.