முதலில் எரிபொருள், அப்புறம்தான் அடுப்பு

1911-12இல் தென் துருவத்தை நோக்கிப் போன இரண்டு குழுக்களிடமும் இருந்தது ஒரே வகை அடுப்புதான். ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அது. நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை காற்றடித்துப் பற்றவைத்த மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வுக்கு மூதாதை. நார்வேக்காரர் அமுண்ட்சென் தன் எண்ணெய் டின்களை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தார். ஆங்கிலேயரான ஸ்காட்டின் குழு கொண்டுபோன டின்களுக்குத் திருகுமூடியும் தோல் வாஷரும். கடுங்குளிரில் வாஷர் இறுக்கம் இழந்தது. வழிநெடுக வைத்துவிட்டுப் போயிருந்த டின்களில் எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் குறைந்துபோயிற்று. துருவத்தைத் தொட்டுத் திரும்பும்போது பனியை உருக்கித் தண்ணீராக்கவே எண்ணெய் பற்றாக்குறை. ஸ்காட்டும் தோழர்களும் இறந்ததற்குப் பசி, புயல், உறைபனிப் புண் என்று பல காரணங்கள் உண்டு. எரிபொருள் குறைந்ததும் அவற்றில் ஒன்று. அடுப்பில் எந்தக் குறையும் இல்லை.

மலைக்குப் போகிறவர்கள் முதுகுப்பைக்கு அடக்கமான அடுப்பு வாங்கப் போனால், கடைக்காரரிடம் முதலில் கேட்பது அடுப்பின் எடையைத்தான். 25 கிராமில் ஒன்று, 75 கிராமில் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். வாங்குகிறவரும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதை எடுத்துக்கொள்வார். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் வாதம். போகிற இடத்தில் என்ன எரிபொருள் கிடைக்கும், அங்கே எவ்வளவு குளிர், என்ன சமைக்கப் போகிறோம் ஆகிய மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு அடுப்பைப் பற்றி யோசிக்க அதிகம் மிச்சம் இருக்காது.

முதல் கேள்வியே பலரை மடக்கிவிடும். சென்னையிலிருந்து லேவுக்கோ மணாலிக்கோ புறப்படுகிறவர் அடுப்பைக் கொண்டுபோகலாம், எரிபொருளைக் கொண்டுபோக முடியாது. விமானத்தில் கேஸ் கேனிஸ்டருக்குக் கைப்பையிலும் இடமில்லை, சரக்குப் பெட்டியிலும் இடமில்லை. ரயிலிலும் எளிதில் தீப்பற்றும் பொருளைக் கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம். அந்தத் தடை எதற்கு என்பதை 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் பார்த்தோம். நிலையத்தருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில், ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரை வைத்து விடியற்காலையில் டீ போடப்போய்ப் பற்றிய தீயில் ஒன்பது பேர் மாண்டார்கள். ஆகவே எரிபொருளை இறங்குகிற ஊரில்தான் வாங்க வேண்டும். அங்கே விற்காத எரிபொருளுக்கான அடுப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்தப் பயணத்துக்கு உதவாது. மலையேற்றச் சாமான் விற்கும் கடைகள் அந்த ஊர்களில் உண்டு. கிளம்புவதற்கு முன்பே போன் செய்து, கேனிஸ்டர் இருக்கிறதா, எந்த வாய் கொண்டது என்று கேட்டுவிடலாம். ஸ்ப்ரே டப்பா போல நீளமாக இருக்கும் கேனிஸ்டருக்கு ஒரு வகை வாய், குட்டையாகக் குண்டாக இருப்பதற்குத் திருகு வாய். ஒன்றுக்குரிய அடுப்பு மற்றதில் நேராகப் பொருந்தாது, நடுவில் அடாப்டர் வேண்டும்.

எடை முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான், ஆனால் அடுப்பின் எடையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வெப்பம் கொஞ்சமும் வீணாகாவிட்டால் அதற்கு 7 கிராமுக்குச் சற்று மேல் கேஸ் போதும். திறந்தவெளியில் பாதி வெப்பம் காற்றோடு போய்விடும் என்பதால் 15 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிட்டில் ஒரு கிராமுக்குக் கிடைக்கும் வெப்பம் கேஸில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம், ஆகவே அதே வேலைக்கு 25 கிராம் ஆகும். இரண்டு பேர், நான்கு நாள், நாளைக்கு மூன்று லிட்டர் வெந்நீர் என்றால் கேஸ் 180 கிராம், ஸ்பிரிட் 300 கிராம். 230 கிராம் கேஸ் அடைத்த கேனிஸ்டர் இரும்பு உறையோடு சேர்ந்து 380 கிராம் போல் இருக்கும். 75 கிராம் அடுப்பும் சேர்ந்தால் 455. ஸ்பிரிட்டுக்கு பிளாஸ்டிக் பாட்டிலும், குளிர்பான டப்பாவை வெட்டிச் செய்த 15 கிராம் அடுப்பும் போதும், மொத்தம் 350 கிராமுக்குள் அடங்கிவிடும். இத்தனை விவாதத்துக்கும் முடிவில் நிற்கும் வித்தியாசம் நூறு கிராம். அரை டம்ளர் தண்ணீரின் எடை. அதை வைத்து முடிவெடுப்பதைவிட, குளிரில் எரியுமா, பாதுகாப்பாக எரியுமா என்று பார்ப்பதுதான் உடம்புக்கு நல்லது.

குளிரில் கேஸ் தகராறு செய்வதற்குக் காரணம் எளிது. கேனிஸ்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி வெளியே வந்தால்தான் எரியும். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில், ஐசோபியூட்டேன் மைனஸ் 12க்கு அருகில், புரொப்பேன் மைனஸ் 42இல். வெறும் பியூட்டேன் அடைத்த டப்பா, உறைநிலையை ஒட்டிய காலை நேரத்தில் ஒப்புக்குத்தான் எரியும். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் பியூட்டேன் இன்னும் குறைந்த வெப்பத்திலும் ஆவியாகும் என்பார்கள், அது உண்மை. ஆனால் எரிய எரியத் திரவம் தன் வெப்பத்தையே செலவழித்து ஆவியாவதால் டப்பா மேலும் குளிர்ந்துகொண்டே போகிறது. வெளியே வியர்த்து, பிறகு வெண்பனி படியும், சுடர் சிறுத்துவிடும். புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த கேனிஸ்டரை வாங்குவதே இதற்கு வழி. அதிலும் புரொப்பேன்தான் முந்திக்கொண்டு எரிந்து தீரும் என்பதால் கடைசிக் கால்பங்கு மந்தமாகவே எரியும். இரவில் கேனிஸ்டரைப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாம். சமைக்கும்போது அதன் அடிப்பாகம் நனைகிற அளவு தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தலாம். கைக்குச் சில்லென்று படும் ஐந்து டிகிரித் தண்ணீர்கூட உறைந்துகிடக்கும் டப்பாவுக்கு வெதுவெதுப்புதான். வெந்நீரை மட்டும் ஊற்றிவிடக் கூடாது.

ஸ்பிரிட் அடுப்புக்கு ஆதரவாளர்கள் அதிகம். அசையும் பாகம் கிடையாது, அடைப்பதற்கு நிப்பிள் கிடையாது, சத்தம் கிடையாது. ஸ்வீடனின் டிராஞ்சியா அடுப்பை மூன்று தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் புகழ் அனைத்துக்கும் அது தகுதியானதே. ஆனாலும் புதியவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட்டின் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்தால் தீ பாட்டிலுக்கே ஏறிவிடும். மேலும், தமிழ்நாட்டில் மெத்தனாலும் டினேச்சர்டு ஸ்பிரிட்டும் உரிமக் கட்டுப்பாட்டில் இருப்பவை; பெட்டிக்கடையில் கேட்டு வாங்குகிற சரக்கு அல்ல. அதற்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் சானிடைசரை ஊற்றினால் பாத்திரம் முழுக்கக் கரி அப்பிக்கொள்ளும்.

பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் எரியும் பம்ப் அடுப்புகளைப் பைக்கில் லடாக் போகிறவர்கள் விரும்புகிறார்கள். எந்தக் குளிரிலும் எரியும், அழுத்தத்தை நாமே பம்ப் அடித்து ஏற்றலாம் என்பது பெரிய பலம். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்ற இடத்தில் அதற்கு ஈடில்லை. ஒரு கிலோ பனியை உருக்க மட்டுமே 334 கிலோஜூல் போய்விடும், அதைக் கொதிக்க வைக்கும் செலவு தனி. பெரிய குழு, பத்து நாள், பனிமலை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அடுப்பே 300 கிராமுக்கு மேல், பாட்டில் வேறு. பற்றவைக்கும்போது முதலில் எழும் பெருஞ்சுடரை அடக்கப் பழக்கம் வேண்டும். நிப்பிள் அடைத்தால் பின் வைத்துக் குத்தத் தெரிய வேண்டும். நான்கு நாள் நடைக்கு இது மிகை. சுள்ளி எரிக்கும் அடுப்பு இலவசம் என்ற வாதத்துக்கு லடாக்கிலேயே பதில் இருக்கிறது: அங்கே மரம் அரிது, காய்ந்த சாணம்தான் உள்ளூர்க்காரர்களின் குளிர்கால எரிபொருள். அதை நாம் போய்ப் பங்குபோடக் கூடாது.

மூன்றாவது கேள்வி சாப்பாடு. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். கொடைக்கானலில் 93 டிகிரி, லேயில் 88 போல. அந்தச் சூட்டில் பருப்பு நெடுநேரம் கொதித்தாலும் விதையாகவே நிற்கும், கேஸ்தான் தீரும். குக்கரைத் தூக்க மனமில்லாதவர் வெந்நீர் மட்டும் கேட்கிற உணவுக்கு மாறிவிட வேண்டும். இதில் நம் சமையலறை கொடுத்துவைத்தது. அவல் ஏற்கெனவே வெந்த அரிசி. சத்துமாவு வறுத்து அரைத்தது. ரவையை வீட்டிலேயே வறுத்துக் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்துக் கொட்டி ஆறவைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டால் மலையில் கொதிநீரில் தூவிக் கிளறி, மூடிபோட்டு, துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் முடிந்தது. அடுப்பில் வைத்தே கிண்டுவதாக இருந்தால் பாத்திரத்தைக் கவனிக்க வேண்டும். டைட்டானியம் லேசானது, ஆனால் வெப்பத்தைப் பரப்பாது; சிறு பர்னரின் சுடர் படுகிற வட்டத்தில் மட்டும் உப்புமா கருகி, ஓரத்தில் வேகாமல் கிடக்கும். வெந்நீருக்கு டைட்டானியம், சமையலுக்கு அலுமினியம்.

காற்றுத் தடுப்பும் மூடியும் எந்த விலை உயர்ந்த அடுப்பையும்விட அதிகம் எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் கேனிஸ்டர் மேலேயே திருகுகிற அடுப்பைச் சுற்றித் தகரத்தை வளைத்து முழுதாக மூடக் கூடாது. வெப்பம் கீழே திரும்பி டப்பாவைச் சூடேற்றி வெடிக்க வைக்கும். அவ்வப்போது டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டினால் அணைத்துவிட வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. மலை விடுதி அறைகளில் கரி மூட்டிக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி குளிர்காலத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு: அடுப்பே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமே தடை செய்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்மேட்டில் பரவிய தீ 23 பேரைக் கொண்டுபோயிற்று. கோடையில் அந்தச் சரிவுகளில் புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அடுப்பு சிறியது, நாங்கள் கவனமானவர்கள் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. கேனிஸ்டர் அடுப்பு கவிழவும் ஒரு காற்று போதும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளிசாதம் மறுநாள் காலை வரை தாங்கும். அவலை வெல்லத்தோடு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் கால் மணியில் சாப்பிடலாம்.